செஸ்நட் மரமும் நமது செக்ரோலும்



நமது பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு வந்தது கோப்பித் தோட்டத்தில் வேலை செய்யத்தான். 1869இல் இங்கே கண்ட இலைத் துரு நோய் அந்தக் கோப்பியை அழித்தது. அதற்குப் பிறகே மலையெல்லாம் தேயிலையானது. அமெரிக்காவின் கிழக்கு மலைப்பகுதி மக்களும் இப்படி ஒரு மரத்தை இழந்தார்கள். அது செஸ்நட் என்ற கொட்டை மரம்.

அந்தக் கொட்டையைப் பொறுக்கி விற்றுத்தான் பல ஏழைக் குடும்பங்கள் கடையில் சாமான் வாங்கின. அவர்கள் வளர்த்த பன்றிக்கும் அதுவே தீனி. பலகையோ லேசில் உக்காது. வீட்டுக்கும் வேலிக்கும் உதவியது.

1904இல் நியூயோர்க் நகரில் அந்த மரத்தின் பட்டையைத் தின்னும் பூஞ்சண நோய் கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து கொண்டுபோன மரங்களோடு போன நோய் அது. சுமார் ஐம்பது வருஷத்தில் 300 முதல் 400 கோடி மரங்கள் பட்டுப்போயின. அடிவேர் மட்டும் சாகவில்லை. துளிர் விடும், கொஞ்சம் வளரும், மறுபடி நோய் பிடித்துவிடும்.

சீனாவில் உள்ள செஸ்நட் இதற்குச் சொந்தக்கார மரம். அது நோயைத் தாங்கும். ஆனால் அவ்வளவு உயரம் வளராது. ஆகவே இரண்டையும் கலந்து, கிடைத்த கன்றை மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடு கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையையும் வளர்த்து, பட்டையில் நோயை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்கப் பல வருஷம் பிடிக்கும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க மரத்தின் உள்ளே பார்க்கும் ஒரு வழி வந்திருக்கிறது. செக்ரோலில் இருநூறு பெயர் இருக்கலாம். இன்றைக்குப் பிரட்டுக்கு வந்தவர்கள் யார் யார் என்பதுதானே வேலையைக் காட்டும்? மரத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு கலத்திலும் எல்லாப் பரம்பரை அலகும் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. வேலை செய்கிற அலகு ஆர்.என்.ஏ. என்ற துண்டை எழுதி அனுப்பும். அந்தத் துண்டுகளை எண்ணினால் எந்த அலகு எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும்.

2009இல் வெளியான ஆய்வில், இரண்டு மரங்களிலும் நோய் பிடித்த இடத்தை எடுத்து இப்படி ஒப்பிட்டார்கள். நோயோடு மல்லுக்கட்டும் பல அலகுகளில், எவை எந்த மரத்தில் கூடுதலாக வேலை செய்கின்றன என்று அடையாளம் கண்டார்கள். இன்னொன்றும் இன்றைக்குத் தெரியும்: தாங்கும் சக்தி ஒரே அலகில் இல்லை, பலவற்றில் பிரிந்து கிடக்கிறது. அதனால்தான் கலக்கக் கலக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவுகிறது. எந்த அலகு முக்கியம் என்று தெரிந்தால், கன்றாக இருக்கும்போதே ஒரு இலையைச் சோதித்து நல்லதைப் பிரித்து எடுக்கலாம்.

நமது தவறணையில் வளரும் வீ.பி. தேயிலைக் கன்றும் யாரோ பொறுமையாகத் தெரிந்தெடுத்த செடியிலிருந்து வந்ததுதான். பரம்பரை அலகு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், செக்ரோலையும் பிரட்டையும் சொல்லி விளக்குங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.