வருணா: நீர்க்கடவுளின் பெயரில் ஒரு பனியுலகம்

நெப்டியூனுக்கு அப்பால், கைப்பர் பட்டையில் சூரியனைச் சுற்றிவரும் பனிப்பொருள் வருணா. 2000 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்பேஸ்வாட்ச் ஆய்வுத் திட்டம் கண்டுபிடித்தது. நெய்தல் நிலத்துக்குரிய வருணனின் பெயர்தான் இதற்கும்.

சூரியனிலிருந்து சராசரித் தொலைவு சுமார் 640 கோடி கிலோமீட்டர், அதாவது பூமியின் தொலைவைப் போல் 43 மடங்கு. அங்கே சூரியனின் ஈர்ப்பு மெலிந்துவிடுவதால் ஓட்டமும் மந்தம். பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது, வருணா நாலரைதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 280 ஆண்டு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் 1836இல் மேலணை எழுந்ததிலிருந்து எண்ணினாலும் அது இன்னும் ஒரு சுற்றை முடிக்கவில்லை.

புளூட்டோவின் கதை வேறு. அது நெப்டியூனின் பாதைக்கு உள்ளேயே வந்து போகும், ஆனாலும் மோதாது. நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் புளூட்டோ இரண்டு முடிக்கும். இந்தத் தாளக்கட்டால், புளூட்டோ உள்ளே நுழையும்போதெல்லாம் நெப்டியூன் வெகுதொலைவில் இருக்கும். வருணாவுக்கு அந்தக் கட்டு இல்லை, தேவையும் இல்லை: பாதை கிட்டத்தட்ட வட்டம், நெப்டியூனை நெருங்குவதே கிடையாது. கோள்களின் தளத்துக்கு மட்டும் 17 பாகை சாய்ந்திருக்கிறது.

தன்னைத்தானே சுற்றுவதில்தான் அவசரம். சுமார் ஆறேகால் மணி நேரத்துக்கு ஒரு முறை சுழல்வதால், உருண்டையாக இல்லாமல் நீண்டுபோயிருக்கிறது.