சைக்கிளில் அமரும் முறை

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஏற்ற இறக்கங்கள் நிறைந்த பீடபூமியில் அமைந்துள்ளது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை இருக்கிறது. விடுமுறை நாட்களின் விடியற்காலையில், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் உடைய இலேசான சைக்கிள்களில் பலர் அங்குச் சென்று வருகின்றனர். நிமிடத்திற்கு 80 சுற்று வீதம் மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை மடங்கி நிமிர்கிறது. ஆசனத்தின் உயரம் தவறாயின், அத்தவறும் 4,800 முறை நிகழும். ஆகவே, உடலைச் சைக்கிளுக்கு ஏற்ப வளைப்பதை விடுத்து, சைக்கிளை உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

நகரச் சாலைகளில் அடிக்கடி நிற்க நேரிடுவதால், இரு பாதங்களும் தரையில் பதியுமாறு ஆசனத்தைத் தாழ்த்தி வைப்போர் உண்டு. அங்ஙனம் தாழ்த்தினால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. முழங்காற் சில்லு தொடை எலும்பின்மீது மிகுதியாக அழுந்துகிறது. மேட்டில் ஏறும்போது இவ்வழுத்தம் மேலும் பெருகி, முழங்காலின் முன்புறத்தில் வலி தோன்றும். ஆசனம் மிக உயர்ந்திருப்பினும் தீங்கே: இடுப்பு இருபுறமும் ஆடும், முழங்காலின் பின்புறம் வலிக்கும். நிற்க வேண்டிய இடத்தில் ஆசனத்தை விட்டு முன்னே இறங்கிக் காலூன்றுவதே முறை.

உயரத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. காலணியின்றிச் சுவரோடு நின்று, கவட்டிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டில் ஹாம்லி, தாமஸ் என்னும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், இவ்வளவின் 109 சதவீதம், அடியில் நிற்கும் பெடலுக்கும் ஆசனத்தின் மேற்புறத்திற்கும் இடையே இருத்தல் நலம் எனக் கண்டனர். கவட்டளவு 80 செ.மீ. ஆயின், இத்தூரம் 87.2 செ.மீ. ஆகும். இது தொடக்க அளவே. பெடல் அடியில் நிற்கையில் முழங்கால் சுமார் 25 முதல் 35 பாகைவரை மடங்கியிருக்கிறதா எனப் பார்த்து, சில மில்லிமீட்டர் அளவே ஏற்றியோ இறக்கியோ திருத்த வேண்டும். ஆசனத்தைத் தாங்கும் குழாயில் பொறிக்கப்பட்டுள்ள எல்லைக் கோடு வெளியே தெரியுமாறு ஒருபோதும் உயர்த்தலாகாது.

அடுத்து, ஆசனத்தை மட்டமாக வைத்து, முன்பின் நகர்த்திப் பொருத்த வேண்டும். அதன் பின்னரே ஹேண்டில்பாரைக் கவனித்தல் வேண்டும். பிரேக் பிடிகளின்மீது கைகளை வைக்கும்போது முழங்கைகள் சற்று மடங்கியும் தோள்கள் தளர்ந்தும் இருக்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துவதற்கு அறிகுறியாகும். கைகளின்மீது பாரம் மிகுந்துள்ளது என்பதே இதன் பொருள். ஹேண்டில்பாரைச் சிறிது உயர்த்தினாலோ அருகே கொணர்ந்தாலோ பாரம் குறையும்.

சமதரையில் விரைந்து செல்லும்போது காற்றின் தடையே பெருந்தடை. அப்போது குனிவது பயன் தரும். மலையேற்றத்தில் வேகம் குறைவாதலால், நிமிர்ந்து தாராளமாக மூச்சு விடுவதே மேல். கழுத்தும் முதுகும் நோகுமளவு குனிபவர் அந்நிலையில் நெடுநேரம் நீடிக்க முடியாது.

கிராமந்தோறும் சைக்கிளில் செல்லும் ஊழியருக்கும் பள்ளி மாணவருக்கும் இவ்விதிகள் பொருந்தும். ஓர் அளவுநாடாவும் ஒரு ஸ்பானரும் போதும். ஆசிரியர் மாணவரின் கவட்டளவை எடுக்கச் செய்து, அவரவர் சைக்கிளின் உயரத்துடன் ஒப்பிடச் செய்யலாம். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பார்த்தல் நன்று.