வீட்டு விலையும் வேலியும்: லெவிட்டவுன் தரும் பாடம்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமைகளைப் பேசுவது ஒரு வழக்கம். அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றை எடுத்துப் பேசுவது இன்னொரு வழக்கம். இந்த மேடை இரண்டாவது வழக்கத்தைச் சேர்ந்தது. ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்திடம் பணம் இருக்கிறது, நிலையான வேலை இருக்கிறது, வீட்டை விற்பவரும் விற்கத் தயாராக இருக்கிறார். அப்படியிருந்தும் அந்தக் குடும்பம் தான் விரும்பிய தெருவில் நிம்மதியாகக் குடியேற முடியாமல் போவது எப்படி?

‘நாலு காசு சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் ஏராளம். அந்த அறிவுரையைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் ஒரு புறநகருக்குப் போவோம். அதன் பெயர் லெவிட்டவுன். பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகருக்கு அருகே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் கடுமையான வீட்டுப் பஞ்சம். போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களுக்கு வீடு தேவைப்பட்டது. வில்லியம் லெவிட் என்ற கட்டுமான முதலாளி, தொழிற்சாலையில் கார் செய்வதுபோல வரிசையாக வீடு கட்டும் முறையைக் கொண்டுவந்தார். முதல் லெவிட்டவுன் 1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தொடங்கியது. இரண்டாவது 1952இல் பென்சில்வேனியாவில் தொடங்கி, 17,000க்கும் மேற்பட்ட வீடுகளாக வளர்ந்தது. பக்கத்திலேயே பெரிய இரும்பு ஆலை வந்தது. ஆலைத் தொழிலாளர்களும் முன்னாள் படைவீரர்களும் சிறு முன்பணத்தோடு, சிலர் அதுகூட இல்லாமல், சொந்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: வாங்குபவர் வெள்ளையராக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையை ஒரு தனிமனிதரின் கெட்ட குணமாகச் சுருக்கிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் நான்கு பூட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் பூட்டு, பத்திரம். 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எந்த இனத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நகராட்சிகள் சட்டம் போடக் கூடாது என்றது. சட்டம் போனதும் அதே விதி தனியார் பத்திரங்களுக்குள் குடிபுகுந்தது. ‘இந்தச் சொத்தைக் கறுப்பினத்தாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம்’ என்று அக்கம்பக்கத்தார் கூடி எழுதிக்கொண்டார்கள். 1948இல், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: எழுதிக்கொள்வதே குற்றம் என்று அது சொல்லவில்லை. நீதிமன்றம் துணை நிற்காது என்று மட்டுமே சொன்னது.

இரண்டாவது பூட்டு, கடன். பெரும்பாலான உழைக்கும் குடும்பங்கள் கடனில்தான் வீடு வாங்க முடியும். 1934இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கி தரும் வீட்டுக் கடனுக்கு அரசுக் காப்புறுதி தந்தது. எந்தப் பகுதிக்குத் தரலாம் என்பதற்கு அதிகாரிகளிடம் ஒரு கையேடு இருந்தது. வேறு இனத்தார் வந்து கலக்கும் பகுதி ஆபத்தான பகுதி என்று அந்தக் கையேடு கற்பித்தது. இன விலக்குப் பத்திரங்களைப் பரிந்துரைத்தது. அதே காலத்தில் மற்றொரு அரசு நிறுவனம் நகரங்களை நான்கு நிறங்களில் வரைபடமாக்கியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பில் வந்தன. வரிப்பணம் எல்லோருடையது, அதன் பாதுகாப்பு ஒரு சாராருக்கு மட்டும்.

மூன்றாவது பூட்டு, விற்பவரும் தரகரும். 1948 தீர்ப்புக்குப் பிறகு பத்திரத்தில் எழுதுவது பலிக்கவில்லை. லெவிட் எழுதாமலேயே மறுத்தார். கறுப்பினத்தாருக்கு விற்றால் வெள்ளையர்கள் வாங்க வரமாட்டார்கள், நான் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கத்தான் வந்தேன், இனப் பிரச்சினையைத் தீர்க்க அல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். இத்தனைக்கும் அவர் யூதக் குடியேறிகளின் வழித்தோன்றல். விலக்கப்படுவது என்றால் என்னவென்று அறிந்த சமூகத்தவர். வியாபாரம் என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டால் எவரும் கைகளைக் கழுவிக்கொள்ளலாம்.

நான்காவது பூட்டு, அண்டை வீட்டார். முதல் மூன்றும் தோற்றால்தான் இது வெளியே வரும். 1957 ஆகஸ்டில் வந்தது.

பில் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி, மூன்று குழந்தைகளோடு லெவிட்டவுனின் டாக்வுட் ஹாலோ பகுதியில் ஒரு வீட்டை வாங்கினார்கள். லெவிட் நிறுவனத்திடம் அல்ல, ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருந்த ஒருவரிடம். விலை 12,150 டாலர். பில் முன்னாள் ராணுவ வீரர், குளிர்சாதனத் தொழில்நுட்பம் தெரிந்தவர். டெய்ஸி கல்லூரிப் பட்டம் பெற்று ஆசிரியப் பணி பார்த்தவர். கடைசிக் குழந்தை கைக்குழந்தை. ‘தகுதி’ என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ அதெல்லாம் அவர்களிடம் இருந்தது.

ஆகஸ்ட் 13 அன்று அவர்கள் குடியேறினார்கள். அன்று மாலையே வீட்டு முன்னால் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். கல்லெறிந்து முன்பக்கக் கண்ணாடியை உடைத்தார்கள். இரவுக்கு இரவு கூட்டம் தொடர்ந்தது. உள்ளூர்க் காவலர்களால் அடக்க முடியாமல் மாநில ஆளுநர் மாநிலக் காவல் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. காவலர் ஒருவரே கல்லடிபட்டு மயங்கி விழுந்தார். பின்பக்கத்தில் காலியாகக் கிடந்த வீட்டை எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டு, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை ஏற்றினார்கள். சத்தமாகப் பாட்டுப் போட்டார்கள். சிலுவை எரித்தார்கள். மையர்ஸ் குடும்பத்துக்குத் துணை நின்ற பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பத்தின் சுவரில் கு கிளக்ஸ் கிளான் என்பதன் முதலெழுத்துகளை எழுதினார்கள்.

இது தென் மாநிலத்தில் நடக்கவில்லை. அடுத்த மாதம் தெற்கே லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்களை மறித்த கூட்டத்தை உலகமே பார்த்தது. அந்த வெறி வடக்கே, பசும்புல் முற்றம் கொண்ட புது வீடுகளுக்கு நடுவிலும் இருந்தது என்பதை லெவிட்டவுன் காட்டியது.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். கல்லெறிந்தவர்கள் ‘எங்கள் ஊரின் தன்மை கெட்டுவிடும்’ என்றார்கள். அந்த ஊருக்கு அப்போது வயது ஐந்து. அங்கே இருந்த எல்லோரும் வந்தேறிகள். பலர் ஆலைத் தொழிலாளர்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்து ஏளனப்பட்டவர்களின் பிள்ளைகள். ஐந்தே ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு பூர்வீகம் முளைத்துவிட்டது! ஊர் என்பது காலத்தால் உண்டாவதல்ல, யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதால் உண்டாவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நேற்று மேலே ஏறியவர்தான் ஏணியை இறுக்கிப் பிடிக்கிறார். ஊர், சேரி என்ற இரண்டு சொற்களோடு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அவர்கள் சொன்ன மற்றொரு காரணம் சொத்து மதிப்பு. ‘எனக்கு வெறுப்பு இல்லை, வீட்டு விலைதான் கவலை’ என்பது அன்றைய மரியாதையான வாக்கியம். இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். கறுப்பினத்தார் வந்தால் விலை விழும் என்று அரசுக் கையேடு சொல்கிறது. அதை நம்பி வங்கி கடனை நிறுத்துகிறது. கடன் இல்லாத பகுதியில் வாங்குவார் குறைகிறார்கள். விலை விழுகிறது. விழுந்த விலையைக் காட்டிக் கையேடு சரிதான் என்கிறார்கள். நடுவில் தரகர்கள் புகுந்து, ‘அவர்கள் வருகிறார்கள், சீக்கிரம் விற்றுவிடுங்கள்’ என்று வெள்ளையரிடம் மலிவாக வாங்கி, கறுப்பினத்தாருக்குக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். சிகாகோவில் வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் தவணை ஒப்பந்தத்தில் வாங்க நேர்ந்தது. ஒரு தவணை தவறினாலும் வீடும் போகலாம், கட்டிய பணமும் போகலாம். 1960இல் லூயிஜி லாரென்டி என்ற ஆய்வாளர் சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் விற்பனை விலைகளை ஒப்பிட்டார். கறுப்பினத்தார் குடியேறிய பகுதிகளில் பெரும்பாலானவற்றில் விலை விழவில்லை; பலவற்றில் ஏறியிருந்தது. தீட்டு என்று சொல்ல வெட்கப்படும் காலத்தில் தீட்டுக்கு வைக்கப்பட்ட புதுப் பெயரே ‘சொத்து மதிப்பு’.

மையர்ஸ் குடும்பம் பின்வாங்கவில்லை. குவேக்கர்கள், யூதர்கள், தொழிற்சங்கத்தார் எனப் பலர் துணைக்கு வந்தார்கள். மாநில அரசே வழக்குத் தொடுத்து, துன்புறுத்தியவர்களுக்கு எதிராக 1958இல் நிரந்தரத் தடையாணை பெற்றது. குடும்பம் 1961 வரை அங்கே வாழ்ந்து, பின் வேறு ஊருக்குப் போனது. டெய்ஸி மையர்ஸ் தன் அனுபவத்தை எழுதி 2005இல் நூலாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு பக்கத்து வீட்டு லூயிஸ் வெக்ஸ்லரும் தன் நூலை வெளியிட்டிருந்தார். ஒரே வேலியின் இரு பக்கத்துச் சாட்சியங்கள். வீடு வாங்குவதை நாடகமாக்கிய லோரெயின் ஹான்ஸ்பெர்ரியும் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. அவருடைய தந்தை சிகாகோவில் வாங்கிய வீட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் வென்றவர். ‘எ ரெய்சின் இன் த சன்’ 1959இல் மேடையேறியது. வலியை ஆவணமாக்கும் இலக்கியம் நமக்கு மட்டும் உரியதல்ல.

சட்டம் எப்போது வந்தது? மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூனில், செயின்ட் லூயிஸ் புறநகரில் வீடு மறுக்கப்பட்ட ஜோன்ஸ் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பேசியது. சொத்து வாங்குவதில் எல்லாக் குடிமக்களுக்கும் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை உண்டு என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. 102 ஆண்டுகள் அந்த வரி அலமாரியில் தூங்கியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா சமஸ்தானத்தில் உயர்பதவியில் இருந்தபோது தங்க ஒரு வீடு கிடைக்காமல் வெளியேறினார். படிப்பும் பதவியும் கதவைத் திறக்கவில்லை. நம்மிடமும் தூங்கும் வரி ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதிலோ வாங்குவதிலோ குடியிருப்பதிலோ தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதைக் குற்றம் என்கிறது. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மறுப்பதற்கான காரணம் தீண்டாமையே என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. இதற்கு எதிர்த்திசையில், ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் உறுப்பினர்களைத் தன் சமூகத்தாரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 2005இல் நம் உச்ச நீதிமன்றம் ஓர் அகமதாபாத் வழக்கில் சொன்னது. அது ஒரு சிறு சிறுபான்மைச் சமூகத்தின் சங்கம். ஆனால் அந்தத் தர்க்கத்தை எந்த ஆதிக்கச் சாதியும் கடன் வாங்கலாம்.

மாணவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் சோதனையாளர் முறை என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே வருமானம், ஒரே வேலை கொண்ட இருவரை ஒரே தரகரிடம் அனுப்புவார்கள்; இனம் மட்டும் வேறு. இருவருக்கும் கிடைத்த பதிலைத் தேதி, நேரத்தோடு எழுதிக்கொள்வார்கள். இப்படிப் போன சோதனையாளரும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ‘வீடு போயிடுச்சு’, ‘ஓனர் மனசு மாறிட்டார்’ என்ற பதில்களைக் கேட்டு எத்தனை பேர் வீடு திரும்புகிறோம்! ஒருவர் கேட்டால் அது புலம்பல் எனப்படும். நூறு பேர் கேட்டதை வரிசையாக எழுதிவைத்தால் அது சான்று.

நான்கு பூட்டுகளையும் ஒரே சாவியால் திறக்க முடியாது. பத்திரத்துக்கு நீதிமன்றம், கடனுக்கு அரசுக் கொள்கை, தரகருக்குச் சான்று, அண்டை வீட்டாருக்குத் துணை நிற்கும் இன்னொரு அண்டை வீட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்கிறது. பணம் சேர்ப்பது அவசியம்தான். அது நம்மைக் கதவு வரை கொண்டுபோகும். கதவைத் திறப்பது அமைப்பாகத் திரண்டவர்களின் வேலை.