மாண்டலின் விரல்களுக்கு ஒரு ரஷ்ய வாத்தியம்

மாண்டலின் வாசிக்கும் ஒருவர் ரஷ்ய நாட்டுப்புற இசைக்குழுவில் சேரப் போனால் முதலில் விசாரிக்க வேண்டியது சம்பளத்தை அல்ல. அங்கே வாசிக்கும் டோம்ராவுக்குத் தந்தி மூன்றா, நான்கா என்பதைத்தான்.

டோம்ரா உருண்டை வயிறு கொண்ட சிறிய வாத்தியம். ஒரு காலத்தில் ரஷ்யக் கூத்தாடிகளின் கையில் இருந்தது. 1648இல் ஜார் அலெக்சி கூத்தாடிகளின் வாத்தியங்களை உடைத்து எரிக்கச் சொல்லி ஆணையிட்டார். டோம்ரா மெல்ல வழக்கொழிந்தது. முக்கோண வடிவப் பாலலைக்காதான் பின்னாளில் கிராமங்களில் ஒலித்தது.

அதை மேடையேற்றியவர் வசீலி அந்திரேயெவ். பண்ணையாள் ஒருவர் வாசித்ததைக் கேட்டு மயங்கி, கைவினைஞர்களைக் கொண்டு பாலலைக்காவைத் திருத்தி, பல அளவுகளில் செய்யவைத்தார். 1888இல் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய குழு முதன்முதலாக வாசித்தது. 1896இல், வியாத்கா பக்கம் கிடைத்த ஒரு பழைய வாத்தியத்தை மாதிரியாக வைத்து, தச்சர் நலீமொவ் மூலம் டோம்ராவையும் மீட்டெடுத்தார். கிடைத்தது அசல் டோம்ராதானா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இசைக்குழுவுக்கு ஒரு நல்ல வாத்தியம் கிடைத்தது. எனக்கு அது போதும்.

அந்திரேயெவின் டோம்ராவுக்கு மூன்று தந்திகள். அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே ச-ம இடைவெளி. சில ஆண்டுகள் கழித்து லியூபிமொவ் என்பவர் நான்கு தந்தி டோம்ராவைக் கொண்டுவந்தார். அதில் ச-ப இடைவெளி. வயலினுக்கும் மாண்டலினுக்கும் உள்ள அதே சுருதி. மாண்டலின்காரரின் இடது கைக்குப் புதிதாகப் படிக்க அதிகமில்லை.

வலது கை கதை வேறு. மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும் என்பதால், நீண்ட ஸ்வரத்துக்குப் பிக்கை மேலும் கீழும் விடாமல் ஓட்டியாக வேண்டும். மாண்டலினின் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தவை. (நாம் அறிந்த ஸ்ரீநிவாஸின் எலெக்ட்ரிக் மாண்டலின் விலக்கு, அதில் ஐந்தும் ஒற்றைத் தந்திகள்.) ஜோடித் தந்தி மணிக்கட்டின் தடுமாற்றத்தை ஓரளவு மறைத்துவிடும். டோம்ராவின் ஒற்றைத் தந்தி எதையும் மறைக்காது.

பாலலைக்கா இன்னும் தள்ளி நிற்கிறது. சிறிய பாலலைக்காவின் மூன்று தந்திகளில் இரண்டுக்கு ஒரே சுருதி. பிக் கிடையாது, ஆட்காட்டி விரலால் வருட வேண்டும். தந்தியை அழுத்த இடது கட்டைவிரலும் வேலை செய்யும். ஆளுயரப் பெரிய பாலலைக்காவைத் தரையில் ஊன்றி, தோல் துண்டால் மீட்டுவார்கள்.

ஆகவே நான்கு தந்தி டோம்ராவில் தொடங்குவதே மாண்டலின்காரருக்குச் சுலபம். உக்ரைனிலும் பெலாரசிலும் அதுவே நெடுநாள் பரவலாக இருந்தது. ரஷ்ய இசைக்குழுக்களிலோ மூன்று தந்திதான் பெரும்பாலும். அங்கே வேலை வேண்டுமென்றால் விரல்களைப் புதிதாகப் பழக்கித்தான் ஆக வேண்டும்.