கேட்பதற்கு ஓர் ஆள்

கவனிப்பின்றி அலையும் பிள்ளைக்கும் பூட்டிக் கிடந்து சிதையும் வீட்டுக்கும் தமிழில் ‘கேட்பாரற்று’ என்ற ஒரே சொல் பொருந்துகிறது. எதுவும் சீராக நடக்க வேண்டுமானால் அதைப் பற்றி விசாரிக்கும் ஒருவர் எங்கேனும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்ட ‘அக்கவுண்டபிலிட்டி கோச்சிங்’ என்பதும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. பொறுப்புக்கூறல் வழிகாட்டல் என்று அதைத் தமிழில் குறிக்கலாம். ஒருவர் தாம் அடைய விரும்பும் இலக்கைத் தாமே வரையறுத்து, அதற்காக வரும் வாரத்தில் என்ன செய்யப்போகிறார் என்பதை வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுப் போய், குறித்த நாளில் திரும்பி வந்து, செய்ததையும் செய்யத் தவறியதையும் கணக்கு ஒப்பிப்பதே இதன் நடைமுறை. எடை குறைய வேண்டுமானால் குறைவாக உண்டு நிறைய நடக்க வேண்டும் என்பதை அறியாதவர் அரிது. ஆகவே வழிகாட்டி புதிதாக எதையும் கற்பிப்பதைவிட, அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியே பெரிதும் பேசுகிறார்.

பழக்கம் என்பதற்கு உளவியலாளர்கள் தரும் வரையறையோடு ஒப்பிட்டால் இம்முறை முரணாகத் தோன்றக்கூடும். ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துவரும்போது, நாளடைவில் அந்தச் சூழலே செயலைத் தூண்டிவிடுகிறது. யோசனைக்கும் மன உறுதிக்கும் அதில் வேலை குறைந்துவிடுகிறது. காலையில் பல்துலக்கப் போகிறவர் அதை எவரிடமும் அறிவிப்பதில்லை, பாராட்டை எதிர்பார்ப்பதுமில்லை. சாட்சி தேவைப்படாத செயலே பழக்கம் என்றால், சாட்சியை வைத்து அதை எப்படி உண்டாக்குவது?

இதற்கான விடை நாள்கணக்கில் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 2010-இல் அச்சிட்ட ஆய்வில் 96 பேர் பங்கேற்றனர். மதிய உணவுடன் ஒரு பழம் உண்பது, இரவு உணவுக்கு முன் சற்று ஓடுவது போன்ற ஏதாவதொரு செயலை ஒவ்வொருவரும் தேர்ந்து, 12 வாரம் தினந்தோறும் அதே தருணத்தில் செய்துவந்தனர். அச்செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்ட ஆன காலத்தின் நடுவெண் 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏதும் நேரவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. 21 நாளில் எந்தப் பழக்கமும் கைகூடும் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறதே, அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை நிபுணர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து திரிந்து வந்தது. நோயாளிகள் தங்கள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் குறித்திருந்தார்.

தொடக்க உற்சாகம் சில வாரங்களில் வடிந்துவிடுகிறது. பழக்கமோ சில மாதங்களுக்குப் பிறகே காலூன்றுகிறது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான தீர்மானங்கள் கைவிடப்படுகின்றன. கான்கிரீட் இறுகும்வரை கூரையைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுக்காலைப் போல, அந்த இடைக்காலத்துக்கு மட்டும் நிற்பதே வழிகாட்டியின் பணி. முட்டுக்காலை முன்கூட்டியே எடுத்தால் கூரை விழும் என்பதும், எடுக்காமலே விட்டால் அந்த வீட்டில் குடியேற முடியாது என்பதும் கொத்தனாருக்குத் தெரியும். இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் அது தெரிந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

கேட்கும் ஆள் இருப்பதால் அப்படி என்ன நடந்துவிடுகிறது? இலக்கை நோக்கிய முன்னேற்றத்தைக் கண்காணிப்பது பற்றி நடந்த 138 ஆய்வுகளின் முடிவுகளை பெஞ்சமின் ஹார்க்கின் உள்ளிட்ட குழுவினர் 2016-இல் தொகுத்து ஆராய்ந்தனர். அடிக்கடி கண்காணிக்கத் தூண்டப்பட்டவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடியது என்றும், அளவுகளை எழுதி வைத்தபோதும் பிறரறியச் சொன்னபோதும் பயன் இன்னும் மிகுந்தது என்றும் அவர்கள் கண்டனர். அப்படியானால் ஒரு குறிப்பேடு போதாதா என்று கேட்கலாம். சறுக்கல் நேர்ந்த வாரத்தில் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கவே மனம் வராது என்பதுதான் சிக்கல். கடன் ஏறிய மாதத்தில் வங்கிக் கணக்கைப் பார்க்காதிருப்பதும், விருந்து முடிந்த வாரத்தில் எடைப்பொறியைச் சுற்றிக்கொண்டு போவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. இப்படித் தகவலை விரும்பியே தவிர்ப்பதற்கு ‘நெருப்புக்கோழிச் சிக்கல்’ என்று இதே ஆய்வாளர்களுள் சிலர் பெயரிட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்கப்போகிறார் என்றால், பார்க்க விரும்பாத எண்ணையும் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது.

இம்முறையின் பயனைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஒரு களம், சற்றும் எதிர்பாராத வகையில், நீரிழிவு மருத்துவம். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ‘நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்ற ஆய்வில் 27 மையங்களில் 3,234 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் ரத்தச் சர்க்கரை இயல்பைக் கடந்திருந்தது, ஆனால் நோய் என்று சொல்லும் அளவை எட்டவில்லை. சராசரி எடை ஏறத்தாழ 94 கிலோ. ஒரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும், இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரைக்குப் பதிலாக ஒரு மனிதர் தரப்பட்டார். ‘லைஃப்ஸ்டைல் கோச்’ என்று அழைக்கப்பட்ட அவர் பெரும்பாலும் உணவியல் வல்லுநராக இருந்தார்.

அந்த வழிகாட்டி செய்த வேலை அவ்வளவாகக் கவர்ச்சியற்றது. உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பாக நடப்பது என்ற இரண்டே இலக்குகளை வைத்துக்கொண்டு, முதல் 24 வாரங்களில் 16 பாடங்களை ஒவ்வொருவருடனும் தனித்தனியே அமர்ந்து நடத்தினார். சந்திப்பின் தொடக்கத்தில் எடை பார்க்கப்பட்டது. உண்ட கொழுப்பின் அளவையும் நடந்த நிமிடங்களையும் பங்கேற்பாளர் தம் கையால் எழுதிக்கொண்டு வந்த ஏடு புரட்டப்பட்டது. எங்கே தடைப்பட்டது என்று இருவரும் சேர்ந்து ஆராய்ந்து, அடுத்த சந்திப்பு வரைக்குமான ஏற்பாட்டை எழுதிக்கொண்டனர். தடை வெளியிலிருந்து வந்திருந்தால் அதை நீக்கச் சிறு தொகையைச் செலவிடவும் வழிகாட்டிக்கு அனுமதி இருந்தது. 16 பாடங்கள் முடிந்த பின் சந்திப்புகள் பெரும்பாலும் மாதம் ஒன்றாகக் குறைந்தன.

பலன் முன்கூட்டியே தெளிவாகிவிட்டதால் 2001-இல் ஆய்வு திட்டமிட்டதற்கு ஓராண்டு முன்பே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2002-இல் வெளியாயின. வெற்று மாத்திரை உண்டவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 11 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். மெட்ஃபார்மின் பிரிவில் அது 7.8 ஆகவும், வழிகாட்டியைப் பெற்ற பிரிவில் 4.8 ஆகவும் இருந்தது. அதாவது மாத்திரை ஆபத்தை 31 சதவீதம் குறைத்தது, மனிதத் துணையோடு கூடிய வாழ்க்கைமுறை மாற்றம் 58 சதவீதம் குறைத்தது. எடை இலக்கை 24 வாரத்தில் எட்டியவர்கள் பாதிப்பேர் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முழு வெற்றி பெறாதவர்களுக்கும் அந்த முயற்சி பயன்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த முறை தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றம் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தது. இங்கு எடை குறிப்பிடும்படி குறையாமலே நோய் குறைந்தது என்பது ஒரு முக்கியமான வேறுபாடு. அடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியை அமர்த்தும் வசதி இல்லாத நாட்டில் கைப்பேசிக் குறுஞ்செய்தி அந்த இடத்தை நிரப்புமா என்று இதே ஆய்வாளர்கள் சோதித்தனர். 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு செய்திகள் இரண்டாண்டு காலம் அனுப்பப்பட்டன. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினரும் நீரிழிவுக்கு ஆளானதாக 2013-இல் வெளியான முடிவு காட்டியது. எதிரில் உட்கார்ந்து கேட்கும் ஆள் தேவை என்ற கருத்துக்கு இது சற்று இடக்காகத்தான் நிற்கிறது. ஆனால் அச்செய்திகள் பொத்தாம்பொதுவான அறிவுரைகளாக இல்லாமல், பெறுபவர் மனமாற்றத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதற்கேற்ப எழுதப்பட்டிருந்தன. அனுப்புவது யார் என்பதும், குறித்த காலத்தில் அவர்களிடமே பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதும் செய்தி பெற்றவர்களுக்குத் தெரிந்திருந்தன.

கண்காணிப்பு மட்டுமே போதுமா என்பதற்கும் சென்னையே ஒரு பழைய சான்றைத் தருகிறது. காசநோயாளிகள் மருத்துவ இல்லத்தில் தங்கியே ஆக வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமாகலாமா என்பதை அறிய, 1956-இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி, வீட்டுச் சிகிச்சையும் ஈடான பலன் தரும் என்று 1959-இல் காட்டியது. வீட்டில் இருப்பவர் மாத்திரையை மாதக்கணக்கில் தவறாமல் விழுங்குவாரா என்ற கவலை அதோடு சேர்ந்தே பிறந்தது. ஊழியர் ஒருவரின் கண்ணெதிரிலேயே மருந்தை உட்கொள்ளச் செய்யும் முறை அம்மையத்தின் அடுத்தடுத்த ஆய்வுகளில் உருப்பெற்று, 1990-களில் உலக சுகாதார நிறுவனத்தின் ‘டாட்ஸ்’ உத்தியில் ஓர் அங்கமாயிற்று. பின்னாளில் பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விழுங்குவதைப் பார்ப்பது என்ற அந்த ஒன்றினால் மட்டும் குணமடைவோர் விகிதம் பெரிதாக உயர்ந்ததாகத் தெரியவில்லை. தினமும் கூலி வேலையை விட்டுவிட்டு மையத்துக்கு வர வேண்டிய நோயாளிக்கு, பார்க்கும் கண் உதவியாக இருப்பதைவிடச் சுமையாகவே இருந்திருக்கக்கூடும்.

தமிழில் ‘கேள்’ என்ற வினைக்கு வினவுதல், செவிமடுத்தல் என்ற இரு பொருளும் உண்டு. பொறுப்புக்கூறல் வழிகாட்டலில் இவ்விரண்டும் பிரிந்துபோகும் இடத்தில்தான் பழுது ஏற்படுகிறது. ஜெனிஃபர் லெர்னரும் பிலிப் டெட்லாக்கும் 1999-இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இதற்கு வலுச் சேர்க்கிறது. கேட்பவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்பது முன்பே தெரிந்துவிட்டால், மனிதர்கள் தங்கள் செயலை ஆராய்வதை விட்டுவிட்டு அவர் விரும்பும் பதிலைத் தயாரிக்கத் தொடங்குகிறார்கள். முடிவை மட்டும் கேட்பதைவிட அதை எட்டிய வழியைக் கேட்கும்போது சிந்தனை மேம்படுகிறது. ‘எத்தனை கிலோ குறைந்தது?’ என்பதற்கு ஓர் எண்ணோடு பேச்சு முடிந்துவிடும். ‘செவ்வாய்க்கிழமை நடக்க முடியாமல் போனது எதனால்?’ என்றால், அன்று அலுவலகத்தில் நேரமாகிவிட்டது என்பதும், நடையை மாலையிலிருந்து காலைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்பதும் வெளிவரும். டேவிட் மோர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் சகாக்களோடு 2011-இல் ‘ஆதரவான பொறுப்புக்கூறல்’ என்ற கருத்தை முன்வைத்தபோது, கேட்பவர் நம்பத்தக்கவர், நன்மை நாடுபவர், விவரம் அறிந்தவர் என்ற எண்ணம் சொல்பவருக்கு இருந்தாக வேண்டும் என்று வரையறுத்ததும் இதையொட்டியே.

எல்லோருக்கும் அறிவித்துவிட்டால் போதும், வெட்கத்துக்காகவாவது செய்துவிடலாம் என்று நினைப்போர் உண்டு. பீட்டர் கோல்விட்சர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. நல்ல சட்ட வல்லுநராக வேண்டும் என்பது போன்ற, தன் அடையாளத்தோடு பிணைந்த நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது, அதற்காக உழைக்கும் முனைப்பு குறைந்ததை அவை காட்டின. அறிவிப்பே பாதி சாதனையைப் போன்ற நிறைவைத் தந்துவிடுகிறது போலும். திரும்பி வந்து கேட்காத நூறு பேரின் வாழ்த்து இவ்வகையில் வழிகாட்டலுக்கு நேர் எதிரானது.

வழிகாட்டி விலகிய பிறகும் பயன் நிற்குமா என்பதில் சான்றுகள் ஒரே திசையில் இல்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 13,500-க்கும் மேற்பட்டோரிடம் எரிக் பெட்டிங்கரும் ரேச்சல் பேக்கரும் நடத்திய ஆய்வில், தொலைபேசி வழியே தொடர்ந்து விசாரித்து நேரத்தையும் இலக்கையும் ஒழுங்குபடுத்த உதவிய வழிகாட்டிகளைப் பெற்றவர்கள் படிப்பைத் தொடரும் விகிதம் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி கூடியது. அழைப்புகள் நின்று ஓராண்டு கழிந்தும் வேறுபாடு நீடித்தது. அமெரிக்க நீரிழிவு ஆய்வில் பங்கேற்றவர்களைப் பத்தாண்டு வரை தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட முடிவுகளோ கலவையானவை. வழிகாட்டியைப் பெற்ற பிரிவினர் முதலாண்டில் இழந்த ஏறத்தாழ 7 கிலோவில் பெரும்பகுதி மெல்லத் திரும்பிவிட்டது. ஆயினும் அவர்களிடையே நோயின் அளவு வெற்று மாத்திரைப் பிரிவைவிட 34 சதவீதம் குறைவாகவே இருந்தது, நோய் தொடங்குவது சுமார் 4 ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல நீரிழிவோடு நான்காண்டு வாழ்ந்த எவரும் உடன்படமாட்டார்.

வழிகாட்டி என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவைப்படாத சூழலில், கட்டணம் வாங்கும் பலர் வாடிக்கையாளர் தங்களை நீங்காமல் பார்த்துக்கொள்வதையே தொழில்திறமாகக் கருதுவது இயல்பு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் தொடங்கிய தேசிய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் அட்டவணை வேறு மாதிரியானது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மனிதரும் அதில் வழிகாட்டியாகலாம். முதல் ஆறு மாதத்தில் குறைந்தது 16 சந்திப்புகள், அடுத்த ஆறு மாதத்தில் குறைந்தது 6 சந்திப்புகள், அத்துடன் ஓராண்டு முடிகிறது.