அமர்ந்தபடியே ஆரோக்கியம்: சக்கர நாற்காலியில் வாழ்வோரும் உடல் எடையும்

தண்டுவடக் காயத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு நீங்களாகவே மாறிக்கொள்கிறீர்களா?" இங்கிருந்து செல்லும்போது மாற்றுப் பலகையின் உதவியோடு தாமாகவே மாறியவர், சில மாதங்களில் மனைவியின் கைத்தாங்கலோடும், பின்னர் இருவர் சேர்ந்து தூக்கியும் மாறும் நிலைக்கு வந்துவிடுவதுண்டு. காயம் மோசமாகியிராது, கைகளின் வலுவும் குறைந்திராது. உடல் எடை மட்டும் எட்டுப் பத்து கிலோ கூடியிருக்கும்.

சக்கர நாற்காலியில் வாழ்வோருக்கு எடை என்பது தோற்றம் பற்றிய கவலையன்று. பிறர் துணையின்றிக் குளியலறைக்குச் செல்ல முடியுமா, காரில் ஏற முடியுமா, மீண்டும் வேலைக்குப் போக முடியுமா என்பனவற்றை முடிவு செய்வது அது. எடை கூடக் கூடத் தோள்மூட்டு தேய்கிறது. அமரும் இடத்தில் அழுத்தப் புண் வரும் வாய்ப்பு பெருகுகிறது. நீரிழிவும் இதய நோயும் நெருங்கி வருகின்றன. எனவே இக்கட்டுரையில் எடையைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளை, பெரும்பாலும் தண்டுவடக் காயமுற்றோரை மனத்தில் கொண்டு விளக்குகிறோம். இளம்பிள்ளை வாதத்தாலோ கால் இழப்பாலோ சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோருக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

எடை ஏன் கூடுகிறது?

உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன. நாம் உறங்கும்போதும் தசைகள் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. காயத்துக்குப் பின் இயக்கமற்றுப் போகும் தசைகள் சில மாதங்களிலேயே மெலிகின்றன. அதனால் உடலின் அன்றாட ஆற்றல் தேவையும் குறைந்துவிடுகிறது. கால்கள் மட்டும் செயலிழந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 28 கலோரியும், கைகால் நான்கும் பாதிக்கப்பட்டவருக்கு ஏறத்தாழ 23 கலோரியும் போதுமானவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு முறையே சுமார் 1,680, 1,380 கலோரி. முன்பு வயலிலோ கட்டட வேலையிலோ உழைத்தவர் உண்டது இதைவிட மிக அதிகம். வேலை நின்றுவிட்டது, தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளாலும் சிலருக்கு எடை கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. எடை கூடியிருப்பதை மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி காணலாம்.

எடையை அறிவது எப்படி?

நிற்க முடியாதவரின் எடையை வீட்டிலுள்ள சிறு எடைக்கருவியில் பார்க்க இயலாது. அதனாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் தம் எடையை அறியாமல் இருக்கிறார்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது நாற்காலியோடு எடை பார்த்துக்கொள்ளலாம். ஊரில் அரிசி மண்டியிலோ உரக்கடையிலோ உள்ள தள எடைமேடையும் உதவும். நாற்காலியோடும் மெத்தையோடும் ஒருமுறை, அவற்றை மட்டும் தனியே ஒருமுறை எடை பார்த்து, முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை குறியீடு, தசை மெலிந்தவரிடம் உண்மையைக் குறைத்தே காட்டும். தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்திருப்பதை அது அறியாது. ஆகவே தண்டுவடக் காயமுற்றோருக்கு இக்குறியீடு 22-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று கொள்ளப்படுகிறது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 64 கிலோ. இடுப்புச் சுற்றளவும் நல்ல அளவுகோல். படுத்த நிலையில், உணவுக்கு முன், ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நாடாவை வைத்து அளக்க வேண்டும்.

உணவில் என்ன செய்யலாம்?

பட்டினி கிடக்க வேண்டாம். நாளொன்றுக்கு 300 கலோரி குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோ அளவுக்கு எடை இறங்கும். 80 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நன்மை தெரியத் தொடங்கும். விரைந்து எடை குறைத்தால் எஞ்சியிருக்கும் தசையும் கரைந்துவிடும். அந்தத் தசைதான் நாற்காலியைத் தள்ளுகிறது.

அந்த 300 கலோரியை எங்கே தேடுவது? தேநீரிலிருந்து தொடங்கலாம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி. இரண்டு கரண்டி வீதம் நான்கு வேளை தேநீர் அருந்தினால் அதில் மட்டும் 160 கலோரி. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அடுத்தது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது; எந்த எண்ணெயானாலும் கணக்கு ஒன்றே. நால்வர் உள்ள வீட்டில் மாதத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை வேளை வடை, பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் போதும்.

தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவு. எஞ்சிய கால் பங்கே சோறு. கம்பும் கேழ்வரகும் நல்லவை என்றாலும், அளவின்றி உண்டால் அவையும் எடை கூட்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, அழுத்தப் புண் இருக்கும்போது உணவைக் குறைக்கக் கூடாது. புண் ஆறப் புரதமும் ஆற்றலும் மிகுதியாக வேண்டும். ஆறிய பின்பே எடை குறைப்பைத் தொடங்க வேண்டும். இரண்டு, சிறுநீர்க் குழாய்க்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். உங்கள் சிறுநீர்ப்பைக்கு ஏற்ற அளவை எங்களிடம் கேட்டு அறியுங்கள். மூன்று, நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாமல் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இல்லையேல் மலம் கழிக்கும் ஒழுங்கு குலைந்து வயிறு உப்பும்.

எவ்வளவு பயிற்சி வேண்டும்?

தண்டுவடக் காயமுற்ற பெரியவர்களுக்காக 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் எளிமையானது. உடல் வலு பெற, சற்றே மூச்சு வாங்கும் பயிற்சி 20 நிமிடம், வாரம் இருமுறை; அதோடு செயல்படும் பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று சுற்று வலுப் பயிற்சி, வாரம் இருமுறை. இதய நலத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும், மூச்சு வாங்கும் பயிற்சி 30 நிமிடம், வாரம் மும்முறை. புதிதாகத் தொடங்குவோர் ஐந்து நிமிடத்திலிருந்து படிப்படியாக ஏறலாம்.

மூச்சு வாங்கும் பயிற்சிக்குத் தனி இடம் தேவையில்லை. பள்ளி மைதானத்திலோ போக்குவரத்தற்ற தெருவிலோ நாற்காலியை இடைவிடாமல் தள்ளலாம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே பாட்டு ஒலிக்க, குத்துச்சண்டை போல இரு கைகளையும் மாற்றி மாற்றி நீட்டலாம். மருத்துவமனைப் பயிற்சிக் கூடத்தில் கையால் சுற்றும் மிதிவண்டி உண்டு. நாடித் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மார்பின் மேற்பகுதியிலும் கழுத்திலும் காயமுற்றவர்களுக்கு இதயத் துடிப்பு வழக்கம்போல் உயராது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

வலுப் பயிற்சிக்கு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒரு கிலோ எடைக்கட்டியாகும். நாற்காலியின் பிரேக்கைப் போட்ட பின்பே தொடங்குங்கள். கைப்பிடி வலுவற்றவர்கள் பட்டையை மணிக்கட்டில் கட்டி இழுக்கலாம்.

தோளைக் காப்பது

நாற்காலியைத் தள்ளுவதால் நெஞ்சுத் தசைகள் வலுப்பட்டு இறுகுகின்றன. தோளின் பின்புறத் தசைகள் பின்தங்குகின்றன. இந்த ஏற்றத்தாழ்வே தோள் வலிக்கு ஒரு காரணம். எனவே பட்டையைத் தன்னை நோக்கி இழுக்கும் பயிற்சிகளை மிகுதியாகச் செய்யுங்கள். நெஞ்சுத் தசைகளை நீட்டி விடுங்கள். தள்ளும்போது குறுகிய வேகத் தள்ளல்களுக்குப் பதில் நீண்ட, சீரான தள்ளல்கள் நல்லவை. கையை வளையத்துக்குக் கீழே தாழ்த்தி மீண்டும் பின்னே கொண்டு வாருங்கள். சக்கரத்தில் காற்று குறைந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள் கூடுதலாக உழைக்க நேரும். வாரம் ஒருமுறை காற்றைச் சரிபார்ப்பதும் தோள் சிகிச்சைதான்.

கவனிக்க வேண்டியவை

மார்பின் ஆறாம் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்குத் திடீரெனக் கடும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேற்பகுதியில் வியர்த்தல் ஆகியன தோன்றினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்துங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், இறுக்கமான ஆடையையும் இடுப்புப் பட்டையையும் தளர்த்துங்கள், சிறுநீர்ப்பை நிறைந்துள்ளதா, குழாய் மடிந்துள்ளதா என்று பாருங்கள். உடனே தணியாவிட்டால் அவசரச் சிகிச்சைக்கு வந்துவிடுங்கள். பயிற்சிக்கு முன்பே சிறுநீர்ப்பையைக் காலி செய்வது நல்ல காப்பு.

காயத்துக்குக் கீழே வியர்வை சுரக்காததால் உடல் வெப்பம் எளிதில் ஏறிவிடும். சித்திரை வெயிலில் வெளிப் பயிற்சி வேண்டாம்; விடியற்காலையே ஏற்றது. முகத்திலும் கைகளிலும் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியின் இடையே கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை முன்னோக்கிச் சாய்ந்து, இருக்கையின் அழுத்தத்தை இரண்டு நிமிடம் விடுவியுங்கள். இரவில் கைக்கண்ணாடியால் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் அவ்விடத்தில் அமராதீர்கள். செயலிழந்த கால்களின் எலும்புகள் மெலிந்திருக்கும். சிறு வீழ்ச்சியிலும் முறியலாம். கால் திடீரென வீங்கினாலோ சூடேறினாலோ வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

குடும்பத்தாருக்கு

"பாவம், உட்கார்ந்தே இருக்கிறான், வாய்க்கு ருசியாவது கிடைக்கட்டும்" என்று தாய்மார்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் இன்று கூடுதலாக வைக்கும் ஒரு கரண்டிச் சோறு, நாளை அதே தாயின் முதுகில் சுமையாக ஏறுகிறது. ஒருவருக்கு மட்டும் தனியே பத்தியச் சமையல் வேண்டாம். வீடு முழுவதற்கும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறையுங்கள். அவர் தாமே எடுக்கக்கூடிய பொருளை எடுத்துத் தராதீர்கள். காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் கடைக்குச் செல்வதும் அவருக்கு உடற்பயிற்சியே.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் விளையாட்டைச் சிகிச்சையாகவே கையாண்டார். 1948 ஜூலை 29 அன்று 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெய்த போட்டியிலிருந்தே பாராலிம்பிக் வளர்ந்தது. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்துக்கு நம் நாட்டில் வழிகாட்டினார். அவரைப் போன்றோர் பணியாற்றக் கைகளும் தோள்களும் காக்கப்பட வேண்டும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: உங்கள் எடை, இடுப்புச் சுற்றளவு, மூன்று நாள் உண்டவற்றின் பட்டியல். தேநீரையும் அதிலே எழுதுங்கள். எஞ்சியதை உணவியல் வல்லுநரும் இயன்முறை மருத்துவரும் நாங்களும் உங்களோடு அமர்ந்து திட்டமிடுகிறோம்.