கம்பி பேசும் காலம் – 7: பஞ்சமம் வராத இடம்

கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் ராகம் மாயாமாளவகௌளை. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் சேர்ந்தாலும் சரி, கிள்ளானில் ஒரு வீட்டு வகுப்பில் உட்கார்ந்தாலும் சரி, சரளி வரிசை அங்கிருந்துதான் தொடங்கும். அதில் ‘ச’வை விட்டு ஏறும் முதல் படியே மிகச் சிறிய படி, சுத்த ரிஷபம். அதே பிள்ளை பத்து வருடம் கழித்து ஒரு கிதாரை மடியில் வைத்து, தடித்த ஆறாம் கம்பியை வெறுமனே மீட்டி, அடுத்து முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்தால் கேட்பதும் அந்த ச–ரிதான். மெட்டல் இசைக்காரர்கள் மிரட்டல் வேண்டும் என்றால் அடிக்கடி கை வைக்கும் இடமும் அதுவே.

விடியற்காலைப் பூபாளத்தில் இதமாக வரும் ஸ்வரம் மெட்டலில் ஏன் உறுமுகிறது?

சென்ற வாரம் கிதார் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைப் பார்த்தோம். இந்த வாரம் ரிஃப். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிதார் வரிதான் அது. பல்லவியைப் போல, எங்கே போனாலும் பாட்டு அதனிடம் வந்து சேரும். பாடகர் வாய் திறக்கும் முன்பே கேட்பவரின் மனம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அது முடிவு செய்துவிடுகிறது.

இதற்கான மூலப்பாடம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் இளைஞர்கள் நால்வரின் முதல் தொகுப்பு. குழுவின் பெயர், தொகுப்பின் பெயர், முதல் பாட்டின் பெயர் எல்லாமே ‘பிளாக் சபாத்’. மழை, இடி, தேவாலய மணி. அதன் பிறகு டோனி அயோமியின் கிதாரில் மூன்றே ஸ்வரங்கள்: ச, மேல் ச, பிறகு பிரதி மத்தியமம். அந்த மத்தியமத்தில் நின்று விரல் நடுங்குகிறது. மறுபடியும் ச.

பிரதி மத்தியமம் நமக்கு அந்நியமா என்ன? கல்யாணியின் மங்களமே அந்த ஸ்வரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணியில் அதற்குத் துணை உண்டு. கீழே காந்தாரம், மேலே பஞ்சமம். கமகம் அதைப் பஞ்சமத்தின் மீது சாய்த்துத் தாலாட்டுகிறது. தம்புராவும் பஞ்சமத்தை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அயோமியின் ரிஃப் மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறுவதே இல்லை. காது அதற்காகக் காத்திருக்கிறது, வந்தது ‘ச’தான். மீண்டும் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பே பயமாக மாறுகிறது. அதை அவ்வளவு மெதுவாக வாசித்ததால், பயப்படுவதற்கு நேரமும் தாராளமாகக் கிடைக்கிறது.

மெட்டாலிக்கா குழுவின் ‘என்டர் சாண்ட்மேன்’ (1991) இதே பிரதி மத்தியமத்தை வேறு விதமாகக் கையாளுகிறது. குழுவின் கிதார் கலைஞர் கர்க் ஹாமெட் உருவாக்கிய அந்த ரிஃப் மேல் காந்தாரத்திலிருந்து சடாரென்று கீழே பிரதி மத்தியமத்துக்கு விழுகிறது. அங்கிருந்து ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கி சுத்த மத்தியமத்தைத் தொட்டு ‘ச’வுக்குத் திரும்புகிறது. இரண்டு மத்தியமங்கள் அடுத்தடுத்து உரசுகின்றன. தூக்கத்தில் கால் வழுக்கினாற்போல் ஒரு திடுக்கிடல். 2013 ஆகஸ்ட் 21 அன்று அந்தக் குழு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கிலேயே வந்து வாசித்தது.

ஸ்வரம் பாதி, கை பாதி. அயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்துகொண்டார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் சில பாட்டுகளுக்குக் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார், நம் பாடகர்கள் கணக்கில் சொன்னால் 3 கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. கம்பி தளர்ந்ததும் ஒலி தடித்தது, கனத்தது.

மெட்டல் கிதாரில் பெரும்பாலும் ஒலிப்பது முழுக் கார்டு அல்ல, ச–ப இரண்டும் மட்டுமே. இதைத்தான் பவர் கார்டு என்கிறார்கள். காந்தாரம் இல்லாததால் அது மகிழ்ச்சியா சோகமா என்று சொல்லாமல் நிற்கும். டிஸ்டார்ஷனிலும் கலங்காமல் ஒலிக்கும். கூடவே மீட்டும் கையின் உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் அருகே கம்பிகள் மீது லேசாகப் படிந்திருக்கும். நாதம் நீளாமல் ‘ஜுக் ஜுக்’ என்று கத்தரிக்கப்படும். கையைச் சற்றே தூக்கினால் கதவு திறந்தாற்போல் ஒலி பெருகும். இந்த மூடலும் திறப்பும்தான் ரிஃப்பின் மூச்சு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. தைப்பூசத்தில் பத்துமலைப் படியடியில் உறுமி மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு முகத்தில் அடி. மறு முகத்தில் வளைந்த குச்சியின் தேய்ப்பு. தோல் முனகி, ஏறி, உறுமுகிறது. ஒரே சிறு கட்டு விடாமல் சுழலச் சுழல, காவடி தூக்கியவரின் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. தாழ்ந்த ஒலி, உரசல், திரும்பத் திரும்ப வருதல் என்ற மூன்றும் சேர்ந்தால் உடம்பு எப்படிப் பதில் சொல்லும் என்பதை பர்மிங்ஹாமுக்கு முன்பே நம் கலைஞர்கள் அறிந்திருந்தார்கள்.

இரண்டு மரபையும் ஒரே மேடையில் நிறுத்திய தமிழர்கள் பக்கத்துச் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’, பேஸ் கிதாரும் குரலுமாகக் கதிராசன் முன்னிற்கும் குழு. டெத் மெட்டல் ரிஃப்களோடு சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் சேர்த்தார்கள். தங்கள் இசையை ‘வேதிக் மெட்டல்’ என்று அழைத்தார்கள். ‘பிரம்மவித்யா’ வரிசையில் 2005, 2009, 2011 என மூன்று தொகுப்புகள் வந்தன. மற்றவர்கள் சாத்தானை நினைவூட்டப் பயன்படுத்திய கனமான ஒலி அவர்களிடம் உபதேசத்தின் உக்கிரமாகிறது. கருவிகள் அதேதான், பக்கத்தில் வைக்கும் சொல்லும் ஸ்வரமும் வேறு.

ஆனால் அந்த ஒலியைக் கேட்டு உண்மையாகவே பயந்தவர்களும் உண்டு. 2001இல் கோலாலம்பூரில் நடக்க இருந்த மெகாடெத் என்ற மெட்டல் குழுவின் நிகழ்ச்சி ரத்தானது. 2005 டிசம்பர் 31 இரவு பழைய கிள்ளான் சாலையில் ஒரு இசை நிகழ்ச்சிக்குள் போலீஸ் நுழைந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றது. அந்த இரவிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)